ஏசிக்குள் ஒரு மழைக்காலம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு தெரு. ஜூன் மாதக் காலை. இரவெல்லாம் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. சன்ஷேடிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டுகிறது. படுக்கையறையில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கும் மெக்கானிக், ஏசியின் முன்மூடியைக் கழற்றி, ஃபில்டரை உருவிவிட்டு, செல்போன் டார்ச்சை உள்ளே அடிக்கிறார். காற்றைத் தள்ளும் ப்ளோயர் உருளையின் இடுக்கெல்லாம் கறுப்பாக, ஈரமாக, மெத்தென்று ஏதோ அப்பிக்கிடக்கிறது. விரலால் வழித்துக் காட்டுகிறார். அறைக்குள் மக்கிப்போன துணியின் வாடை பரவுகிறது.

"மூணு வருசமாத் தொறக்கவே இல்லீங்களாக்கா?"

"அதெப்படித் தம்பி? வருசா வருசம் மாசி மாசம் சர்வீஸ் பண்ணீட்டுத்தான இருக்கறோம். போன தடவை கேஸ் கம்மியா இருக்குன்னு கேஸ்கூட அடிச்சுட்டுப் போனாங்க."

"ஃபில்டரை மட்டும் கழுவீட்டுப் போயிருப்பாங்க. உள்ள கை வெச்ச மாதிரியே தெரியலீங்க."

சுவரில் தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, பம்பு வைத்து அடிக்கிறார். பக்கெட்டில் இறங்கும் தண்ணீர் கறுப்பாக வருகிறது. இரண்டாவது பக்கெட்டும் கறுப்புதான். மூன்றாவதில்தான் கொஞ்சம் தெளிகிறது. வாசலில் நிற்கும் பையனுக்கு எட்டு வயதிருக்கும். ஒரு மாதமாக ராத்திரி இருமல், பகலில் இல்லை என்கிறார் அம்மா. இருமல் மருந்து பாட்டில் கட்டிலோரத்து மேசையில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே சுவரில் ஏசி.

பருவமழை தொடங்கிய பிறகு வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை, பாலக்காட்டு எல்லையோரத் தமிழ்த் தெருக்களில் எந்த மெக்கானிக்கோடு ஒரு நாள் சுற்றினாலும் இதில் பாதியாவது கண்ணில் படும். 'ஏசி போட்டா வாடை வருது' என்பதுதான் அழைப்பு. வாடையைப் போக்க ஊதுவத்தி, வாசனை ஸ்ப்ரே, ஏசி வாயில் மாட்டும் நறுமண டப்பா எல்லாம் முயன்று பார்த்த பிறகே மெக்கானிக்குக்குப் போன் போகிறது. உள்ளே வளர்ந்திருப்பது பூசணம். அதற்குக் காரணம் அழுக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அழுக்கு அதன் சாப்பாடு மட்டுமே. அதை வளர்ப்பது தண்ணீர். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் வருடத்துக்கு எத்தனை சர்வீஸ் செய்தாலும் கறுப்புத் தண்ணீர் வருவது நிற்காது.

வெயில் முடிந்த 27-ஆம் நாள்

பாலக்காட்டுக் கணவாய் இல்லையென்றால் இந்தக் கதையே வேறு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கிறது. தை, மாசியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இந்த வழியாக உள்ளே வரும். உதடு வெடிக்கும், தோல் வறளும். வைகாசி பிறந்ததும் திசை மாறி, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து காற்று நுழையும். ஒரே ஊர் சில மாத இடைவெளியில் பொட்டல் காட்டுக் காற்றையும் கடற்கரைக் காற்றையும் சுவாசிக்கிறது.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பமானி 41 டிகிரியைத் தாண்டியது. இந்திய வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. வெயில் பழகிய பாலக்காட்டுக்காரர்களே மதியம் வெளியே வர அஞ்சினார்கள். கடைகளில் ஏசி கேட்டுக் கூட்டம். மே மாதத் தொடக்கத்தில் கேரள மின்வாரியத்தின் உச்ச நேரத் தேவை அதுவரை காணாத அளவாக 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஒரு நாள் நுகர்வு 11 கோடி யூனிட்டுக்கு மேல் போனது. ராத்திரியில் வீடுகளில் ஓடும் ஏசிகளே முக்கியக் காரணம் என்றது வாரியம். மின் கட்டுப்பாடு மே 3 அன்று பாலக்காட்டில்தான் முதலில் வந்தது. இரவு ஏழு மணிக்கு மேல் நள்ளிரவு தாண்டும்வரை பகுதி பகுதியாகச் சுமையைக் குறைத்தார்கள். ஏசியை 26 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள் என்று வேண்டுகோளும் வந்தது.

அதே மே மாதம் 30-ஆம் தேதி தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டது. மின் கட்டுப்பாட்டுக்கும் மழைக்கும் இடையே 27 நாள். அடுத்த வருடம் இன்னும் மோசம். 2025-இல் மழை மே 24-ஆம் தேதியே வந்து நின்றது, வழக்கத்துக்கு எட்டு நாள் முன்பாக.

கொளுத்தும் கோடையில் இரவு முழுக்க ஓடிய ஏசி பல வீடுகளில் ஒரே வாரத்தில் ஓய்வுக்குப் போகிறது. 'இனி மழைதானே' என்று ரிமோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். அடுத்த மாசி வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பூசணத்துக்கு வேண்டிய காலம் அதுவே.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. சூட்டை உறிஞ்சும் சுருள் குழாயான காயில் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் அறைக் காற்று படும்போது காற்றிலுள்ள நீராவி துளித்துளியாகக் கோத்து, கீழேயிருக்கும் தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியே போகிறது. ஈரமான இரவில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீரைக்கூடக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். இது இயந்திரத்தின் பக்க வேலை என்று நினைக்க வேண்டாம். 1902-இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான். ஈரத்தில் காகிதம் உப்பி, வண்ணங்கள் இடம் மாறி அச்சாகிக்கொண்டிருந்தன. ஆட்களைக் குளிர்விக்கும் எண்ணம் பிறகு வந்தது.

வடியும் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் தொல்லையில்லை. காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, தட்டின் மூலையில், ப்ளோயரின் இதழ்களில் கொஞ்சம் தங்கிவிடும். அங்கே ஏற்கெனவே துணித் துகள், தோல் செதில், தெருப் புழுதி எல்லாம் படிந்திருக்கும். ஃபில்டர் பெரிய தூசியைத்தான் தடுக்கும், நுண்ணிய தூசி உள்ளே போய்விடும். உணவும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே பூசணம் வேர்விடத் தொடங்கும். பூசண வித்து எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அது எல்லாக் காற்றிலும் எப்போதும் உண்டு. கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று வகைகள் பல. கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் விரலில் வழித்தது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாமும் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

இதை வைத்துப் பார்த்தால் மாசி மாத சர்வீஸின் குறை புரியும். மாசியில் கணவாய்க் காற்று வறண்டு கிடக்கிறது. பெட்டிக்குள் ஈரமில்லை. மேலோட்டமாகத் துடைத்தாலே சுத்தமாகத் தெரியும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கோடை மழையோடு காற்றில் ஈரம் ஏற ஏற, காயில் நனையத் தொடங்குகிறது. சர்வீஸுக்கு வந்தவர் அதற்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏலக்காயை ஸ்டோர் எனும் உலர்கூடத்தில் சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று ஏலக்காய் ஊர்களான வண்டன்மேட்டிலோ புற்றடியிலோ போடியிலோ யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பறித்த காயை அங்கே வைத்து ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். அவசரப்பட்டுக் கட்டிய மூட்டையை ஏலத்துக்கு அவிழ்க்கும்போது பூத்திருக்கும். நாம் ஏசியை நனைந்தபடியே மூட்டை கட்டுகிறோம்.

கரண்ட் போகிற ராத்திரி

பூசணத்தைப் பற்றி எழுதுபவர்கள் மின்வெட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லையோர ஊர்களில் அதை விட்டுவிட முடியாது.

நல்ல ஏசிகள் பலவற்றில், அணைத்ததும் விசிறி சில நிமிடம் தானாக ஓடி உட்புறத்தை உலர்த்தும் வசதி இப்போது வருகிறது. ஆனால் கரண்ட் போனால் எல்லாம் அந்தக் கணமே நின்றுவிடும். காயில் முழுக்க நனைந்திருக்கும், அறையும் மூடிக்கிடக்கும். அரை மணி நேரத்தில் அறை சூடேறி ஈரக்காற்று புகும். காயிலில் தங்கிய தண்ணீருக்கு உலர வழியில்லை. கரண்ட் வந்து ஏசி மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். 2024 மே மாத இரவுகளில் பாலக்காட்டு வீடுகள் வெப்பத்தில் தவித்ததைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்த இரவுகளில் நனைந்தபடி நின்றுபோன ஏசிகளின் விளைவு ஜூனில்தான் வெளியே வந்திருக்கும்.

வழி மிக எளிது. கரண்ட் வந்ததும் ஏசி வேண்டாத நிலை என்றால், அரை மணி நேரம் 'ஃபேன்' முறையில் மட்டும் ஓட விட வேண்டும். காலையில் எழுந்து அணைப்பதற்கு முன்னாலும் அதேபோல் ஓட விட்டு, அறைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடாததால் மின்செலவு ஒரு சாதாரண மின்விசிறி அளவுக்குத்தான் ஆகும்.

> பெட்டிச் செய்தி: 24 என்ற எண்
>
> காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். இது பாலக்காட்டில் ஒரு சாதாரண மழை நாள். இந்தக் காற்று, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன் மேல் தண்ணீர் கோக்கும்.
>
> வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் தலைதூக்குவது கடினம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏசிக்குச் செலவழித்த வீட்டில் அதுவும் ஒன்று இருக்கட்டும்.
>
> 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு.

பக்கத்து அறையின் பீரோவுக்குப் பின்னால்

ஏசிக்குள் இருப்பது மட்டுமே பிரச்சினை என்றால் மெக்கானிக்கோடு முடிந்துவிடும். ஏசியே இல்லாத பக்கத்து அறையில் சுவர் கறுக்கிறதே, அது எப்படி?

மழைக்காலத்திலும் ஏசி ஓட்டும் வீடுகளில், படுக்கையறையில் 18 டிகிரி வைத்து இரவு முழுக்கத் தூங்குகிறோம். இடைச்சுவர் நாலரை அங்குலச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோதான். அந்தக் குளிர் சுவரின் மறுபக்கத்துக்கும் வந்துவிடும். மறுபக்க அறையின் ஜன்னல் திறந்திருக்கிறது, மழைக்காற்று உள்ளே வருகிறது. 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிகிறது. சுவரை ஒட்டி ஒரு மரப் பீரோ நின்றால் அதன் முதுகுப் பலகைக்குக் காற்றோட்டம் கிடையாது. பட்டுப் புடவை, பாஸ்போர்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தப் பீரோவில்தான் இருக்கும். ஆடியில் எதற்கோ திறக்கும்போது புடவை மடிப்பில் வெள்ளைப் புள்ளி. ஓதம் ஏறிவிட்டது என்று கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். அவர் சுவரைக் கொத்தி, வாட்டர்ப்ரூஃப் பூசி, பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்கு மறுபடி அதே இடம். தண்ணீர் சுவர் வழியாக வரவில்லை, காற்று வழியாக வந்தது என்பதால் எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. ஏசியை 26-க்கு உயர்த்தி, பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தால் பாதிக்கு மேல் தீரும்.

மழைக்காலத்தில் துணி காய்வதும் இப்படித்தான். வெளியே காயப்போட இடமில்லாமல் படுக்கையறையில் கொடி கட்டி, ஏசியைப் போட்டு உலர்த்தும் வழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. ஒரு பக்கெட் துணி ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். அதில் ஒரு பகுதி ஏசி குழாய் வழியே போகும். மிச்சம் மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் போகும்.

பாலக்காட்டுக் கல்பாத்தியின் பழைய அக்ரஹார வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓட்டுக்கூரை, முற்றம், வாசலிலிருந்து கொல்லைவரை நேராக ஓடும் காற்று. அந்த வீடுகளும் மழையில் நனைந்தன, ஆனால் உலரவும் செய்தன. ஏசிக்காக இறுக்கி மூடிக் கட்டும் இன்றைய கான்கிரீட் அறைக்கு உலரும் வழி கிடையாது. பழைய வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. 41 டிகிரி அடிக்கும் ஊரில் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏசி இன்று உயிர்காக்கும் பொருள். அதனாலேயே அதைச் சரியாக வைத்திருப்பது ஆடம்பரக் கவலை ஆகாது.

நெஞ்சு சொல்லும் சேதி

வீட்டு ஈரமும் பூசணமும் மூச்சுக்குழாய் நோய்களோடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டு நூலே வெளியிட்டது. இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுவது, மூக்கு ஒவ்வாமை ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. 'இத்தனை பூசணம் வரை பரவாயில்லை' என்று ஒரு பாதுகாப்பு அளவை அது குறிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீடித்த ஈரத்தை ஒழியுங்கள் என்பதுதான் அதன் அறிவுரை.

பெரும்பாலானவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு என்ற அளவில் நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது இரவுத் தாக்குதலைத் தூண்டலாம். சிலருக்கு நுரையீரலே பூசணத் துகளுக்கு எதிராகக் கொந்தளிக்கும். தொடர்ந்து சுவாசித்தால் காய்ச்சல், உடல்வலி, மூச்சிரைப்பு வந்து வந்து போகும். கவனிக்காமல் ஆண்டுக் கணக்கில் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து மீளாத நிலையும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களில் சிறு பகுதியினருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் தனியான ஒவ்வாமை நோயாகவும் மாறும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் இருக்கும் வீட்டில் கறுத்த ஏசியை ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

அடையாளம் காண ஒரு கேள்வி உதவும். வெளியூர் போனால் இருமல் குறைந்து, வீட்டுக்கு வந்து அந்த அறையில் படுத்ததும் திரும்புகிறதா? ஆம் என்றால் மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாமல் அறையைப் பற்றியும் ஏசியைப் பற்றியும் சொல்லுங்கள். நாம் சொன்னாலொழிய அவருக்கு நம் வீட்டுச் சுவர் தெரியாது. கூடவே ஓர் எச்சரிக்கை: மெத்தையில் வளரும் தூசிப்பூச்சியும் இதே ஈரத்தில்தான் பெருகும். அதனால் எல்லா இருமலுக்கும் ஏசியைக் குற்றம் சாட்டி, கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது.

> பெட்டிச் செய்தி: இரண்டு வீண் பயங்கள்
>
> கருப்புப் பூஞ்சை: 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலையில் மியூகோர்மைகோசிஸ் நோய் பரவியபோது, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. 'கருப்பு' என்ற பெயர், நோயால் இறந்துபோன திசுவின் நிறத்தால் வந்தது. ஏசியில் காணும் கறுப்புப் பூசணம் வேறு வகை. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சிய ஸ்டீராய்டும்தான் அன்று நோயாளிகளை வீழ்த்திய முக்கியக் காரணங்கள்.
>
> லெஜியனேர் நோய்: 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்கள் உட்பட 200 பேருக்கு மேல் நோயுற்று, முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தனர். காரணமான பாக்டீரியா மறு ஆண்டு கண்டறியப்பட்டது. அது பெரிய கட்டடங்களின் தண்ணீர்க் குளிர்விப்புக் கோபுரம் வழியே பரவக்கூடியது. வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் அப்படிக் கோபுரம் கிடையாது.

'கேஸ் கம்மி' என்கிற மந்திரம்

வாடிக்கையாளர் ஏமாறும் இடம் இது. ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் பொருள். பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் அடுத்த வருடமும் அடிக்க வேண்டிவரும். காற்று பலமாக வராததற்கும் குளிர் குறைந்ததற்கும் பல வீடுகளில் காரணம் ப்ளோயரில் அப்பிய பூசணமும் அடைபட்ட காயிலும்தான். சில சமயம் காற்று போகாமல் காயிலில் பனிக்கட்டிகூடக் கட்டிவிடும். உள்ளே சுத்தம் செய்த பிறகும் குளிர் வராவிட்டால் மட்டும் கேஸைப் பற்றிப் பேசலாம்.

மெக்கானிக்குகளையே குறை சொல்லிப் பயனில்லை. ஃபில்டர் கழுவுவதற்கும் ப்ளோயரைக் கழற்றிக் கழுவுவதற்கும் உழைப்பில் பெரிய வித்தியாசம். வாடிக்கையாளரோ இரண்டுக்கும் ஒரே கூலி கொடுக்கப் பார்க்கிறார். ஐ.டி.ஐ.யில் குளிர்பதனத் தொழிற்பிரிவு இரண்டு வருடப் படிப்பு. முறையாகப் படித்துவிட்டு வந்தவரும், சீசனுக்கு இரண்டு மாதம் பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரும் ஒரே மாதிரி பைக்கில்தான் வருகிறார்கள். நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. சிங்கப்பூரில் தமிழர் வீடுகள் உட்படப் பல அடுக்குமாடி வீடுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் ஒப்பந்தம் சாதாரணம். அங்கே ஆண்டு முழுக்க ஈரம். பாலக்காட்டில் ஈரம் அரை வருடம் என்றாலும் அந்த அரை வருடத்துக்கு நாம் தயாராவதில்லை.

கொழிஞ்சாம்பாறை மெக்கானிக்கின் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டுமே கட்டியிருந்தது. சீசனில் நாளுக்குப் பல வீடு. ஒவ்வொரு வீட்டின் பூசணமும் அவர் முகத்துக்கு நேரே கிளம்புகிறது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் அவருக்கு யாரும் வாங்கித் தருவதில்லை. வீட்டில் ஒரு கவசம் இருந்தால் அவரிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஏசி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தட்டையும் ப்ளோயரையும் சில திருகுகளில் கழற்றும்படி வடிவமைப்பது முடியாத காரியமல்ல. பல மாடல்களில் ப்ளோயரை எடுக்க வேண்டுமென்றால் யூனிட்டையே பாதி பிரிக்க வேண்டியிருக்கிறது. நட்சத்திர முத்திரை மின்சாரத்தை அளக்கிறது, நல்லது. கழுவ எளிதா என்பதையும் ஒருநாள் அந்த முத்திரை சொன்னால் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் பெரிய உதவி.

மலைமேல் ஏசி இல்லாத பூசணம்

பாலக்காட்டை விட்டு இடுக்கி எல்லைக்குப் போனால் காட்சி மாறுகிறது. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு எல்லாம் சாரலும் மூடுபனியும். அடிவாரத்துத் தொடுபுழாவில் ஏசி உண்டு, மேலே தேயிலைத் தோட்டத்து லயங்களில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் பூசணம் அங்கேதான் அதிகம்.

தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்கின்றன. பல லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தவை. ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே தகரம். ஆனி, ஆடியில் வாரக் கணக்கில் வெயில் முகம் காட்டாது. நனைந்த துணி அடுப்புக்கு மேலே தொங்கும். கம்பளியில் பூசணம், செருப்பில் பூசணம், பள்ளிப் பையில் பூசணம். தகரத்தின் அடியில் இரவில் நீர் கோத்துக் காலையில் பாயில் சொட்டும். கீழே பீரோவுக்குப் பின்னால் நடக்கும் அதே இயற்பியல்தான். அங்கே சுவரைக் குளிரவைத்தது ஏசி, இங்கே மலை.

பாலக்காட்டு வீட்டுக்காரருக்கு 26 டிகிரி, ஃபேன் முறை, மெக்கானிக் என்று சொல்ல நம்மிடம் யோசனை இருக்கிறது. லயத்துக்காரருக்கு என்ன சொல்வது? ஒழுகும் கூரையை அவரால் மாற்ற முடியாது. வீடு அவருடையதல்ல. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பைத் தரவும் பராமரிக்கவும் வேண்டிய பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. பீருமேட்டில் மூடிக்கிடக்கும் தோட்டங்களில் அந்த நிர்வாகமே இல்லை, தொழிலாளர்கள் மட்டும் இருக்கிறார்கள். லயங்களைச் சீரமைக்க மாநில பட்ஜெட்டில் நிதி அறிவிக்கப்பட்டும் ஒழுகும் கூரைகள் மீதமிருக்கின்றன.

இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகைக் குடியிருப்பில் படர்ந்திருந்த பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அப்பா பலமுறை முறையிட்டும் வீட்டு நிறுவனம் சரிசெய்யவில்லை. அதன் பிறகு, சமூகக் குடியிருப்புகளில் ஈரம், பூசணம் பற்றிய புகார் வந்தால் குறித்த காலத்துக்குள் சரிசெய்தே ஆக வேண்டும் என்று அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. பூசணம் குடியிருப்பவரின் சோம்பேறித்தனம் என்ற பேச்சு அந்தத் தீர்ப்போடு அங்கே எடுபடாமல் போனது. லயத்துச் சுவரைப் பார்த்து 'இவங்களுக்குச் சுத்தம் தெரியாது' என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மே மாதம் செய்ய வேண்டியது

மாசியில் ஒரு சர்வீஸ் செய்கிற வழக்கம் இருந்தால் அதை மே மாத நடுவுக்குத் தள்ளுங்கள். இரண்டு முடியும் என்றால் இரண்டும் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் மழைக்கு முன் செய்வதே மேல். மெக்கானிக் வந்ததும் ப்ளோயரை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், கழுவிய பிறகும் காட்டச் சொல்லுங்கள். குழாய் சரிவாகத்தான் போகிறதா, தட்டில் ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர் தங்காமல் வெளியே வருகிறதா என்று கூட நின்று பாருங்கள். காயிலில் ஆசிட் அடிக்க விடாதீர்கள், அலுமினியம் அரித்துப் பிறகு கேஸ் நிஜமாகவே கசியும். ஃபில்டரை ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே குழாயில் கழுவி நிழலில் உலர்த்தலாம். அதற்கு மேல் உள்ளே கை வைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும்.

மழை தொடங்கி ஏசிக்கு ஓய்வு கொடுக்கும் நாளில், நல்ல வெயில் அடிக்கும் ஒரு மதியமாகப் பார்த்து, ஃபேன் முறையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டாம். அடைமழையில் அறை புழுங்கினால் 'ட்ரை' முறை உதவும். குளிருக்காக வேண்டாம், ஈரத்தை எடுக்க ஓடட்டும்.

சுவரில் ஏற்கெனவே பூத்திருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, இடத்தை நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்துக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். காயாத சுவர் மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

லயங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள், இது வீட்டுக்காரர்களுக்கு இல்லை. மழைக்கு முன்னால் ஒவ்வொரு லயத்தின் கூரையையும் பார்த்துப் பட்டியல் எடுத்து, ஒழுகுகிறவற்றை மே மாதத்துக்குள் மாற்றுவது தோட்ட நிர்வாகங்களும் இடுக்கி மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. மூடிய தோட்டங்களில் அரசே நேரடியாகச் செய்ய வேண்டும். லயத்தில் இருப்பவர்களே, உங்கள் பஞ்சாயத்து உறுப்பினரிடமும் தொழிற்சங்கத்திடமும் மே மாதத்திலேயே எழுத்தில் மனு கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேளுங்கள்.